பத்தாம் வகுப்போடு நின்ற பிள்ளைகள் பள்ளியை முடித்துக் கல்லூரி சேர வழி என்ன? குமரி மாவட்ட விவாத இழை

கிள்ளியூர் தமிழாசிரியர் (ஓய்வு), மே 4

அன்பர்களுக்கு வணக்கம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி எழுத்தறிவில் தமிழ்நாட்டின் முதல் மாவட்டம் நம்முடையது, 91.75 விழுக்காடு. இந்தப் பெருமையால் நமக்கு ஒரு கெடுதலும் நேர்ந்திருக்கிறது. பத்தாம் வகுப்பில் ஒன்றிரண்டு பாடங்களில் தோற்று நின்றுபோன பிள்ளை இங்கே யார் கண்ணிலும் படுவதில்லை. அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் எழுத்தறிவுக் கணக்கில் அவன் சேர்ந்துவிடுகிறான். சான்றிதழ் இல்லாததால் பாலிடெக்னிக் தொடங்கிக் கல்லூரி வரை எந்த வாசலிலும் அவனுக்கு இடமில்லை.

எங்கள் ஊரில் நான்கு பேர் சேர்ந்து வாரத்தில் மூன்று நாள் மாலை வகுப்பு நடத்துகிறோம். சென்ற மாதம் ஓர் இளைஞன் வந்து, நெகிழிப் பையில் சுற்றிய தாள் ஒன்றை மேசைமேல் வைத்தான். 2018 மார்ச் மாதப் பத்தாம் வகுப்புத் தேர்வின் மதிப்பெண் பட்டியல் அது. மடிப்பு விழுந்து கிழிந்த இடங்களில் பின்புறம் செலோடேப் ஒட்டியிருந்தது. தமிழ், அறிவியல், சமூக அறிவியல் மூன்றிலும் தேர்ச்சி. ஆங்கிலத்தில் 29, கணக்கில் 22. தாளைப் பிரித்த அவன் விரல்களில் தூண்டில் கயிறு அறுத்த தழும்புகள் இருந்தன. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயலில் அவனுடைய அப்பா போன படகு திரும்பவில்லை. மூன்றரை மாதம் கழித்து இந்தத் தேர்வை எழுதிவிட்டு, முடிவு வருவதற்குள் மாமனோடு கொச்சி தோப்பும்படிக்குப் படகேறிவிட்டான்.

அவன் கேட்ட கேள்வி இதுதான்: "சார், இந்த ரெண்டு பாடத்த மட்டும் எழுதினா போதுமா, இல்ல அஞ்சையும் திரும்ப எழுதணுமா?"

இரண்டை மட்டும் எழுதினால் போதும். இந்த ஒரு வரிப் பதிலைச் சொல்ல ஏழு ஆண்டுகளாக அவனுக்கு ஆள் கிடைக்கவில்லை என்பதை நினைக்க நினைக்க எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. 2019–20இல் பத்தாம் வகுப்புப் பாடநூல்கள் மாறிவிட்டதால், அவன் படித்த பழைய புத்தகம் இனி உதவாது என்பதையும் நாங்கள்தான் சொன்னோம்.

தனித்தேர்வு, துணைத் தேர்வு, தேசியத் திறந்தநிலைப் பள்ளி, ஐ.டி.ஐ. வழி என்று பல பாதைகளை அரசே திறந்து வைத்திருக்கிறது. பாதை பிரியும் இடத்தில் உடன் நின்று, இது இந்தப் படிப்புக்குப் போகும், இது போகாது என்று சொல்ல ஒரு மனிதர் இல்லாததுதான் பிள்ளைகளை நிறுத்தி வைக்கிறது என்பது என் கருத்து. உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்.

குளச்சல் சகோதரி, மே 5

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் மீனவக் குடும்பத்தில் பிறந்து, கல்லூரி முடித்து, இப்போது ஊரில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வருபவள். என் தம்பியும் பத்தில் தோற்றுப் படகேறியவன்தான். ஆள் இல்லை என்பது உண்மை. ஆனால் ஆள் இருந்தாலும் நாள் ஒத்துவர வேண்டும் என்பதை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

நம் மாவட்டத்திற்கு இரண்டு கடல். ஆகவே மீன்பிடித் தடைக்காலமும் இரண்டு. சின்னமுட்டம் சார்ந்த கிழக்குப் பகுதிக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் சார்ந்த மேற்குப் பகுதிக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. பொதுத்தேர்வு நடக்கும் மார்ச் மாதத்தில் மேற்குக் கரைப் பையன்கள் ஆழ்கடலில் இருப்பார்கள். துணைத் தேர்வோ ஜூன் கடைசி வாரத்திலும் ஜூலை முதல் பாதியிலும் நடக்கிறது. அதாவது அவர்கள் வீட்டில் சும்மா இருக்கும் நாள்களில், கைக்கெட்டும் தூரத்தில், தேர்வு நடந்துகொண்டிருக்கிறது. நான் இதை முதன்முதலில் நாட்காட்டியில் குறித்துப் பார்த்தபோது இதற்காகவே யாரோ ஏற்பாடு செய்ததுபோல இருந்தது.

பிறகுதான் சிக்கல் புரிந்தது. அந்தத் தேர்வுக்கான விண்ணப்பம், முடிவு வந்த பிறகு மே மாதத்தின் பின்பாதியில், ஏறத்தாழ இரண்டு வார காலம் மட்டுமே பெறப்படுகிறது. அப்போது அவன் இன்னும் கடலில் இருக்கிறான். தடைக்காலம் தொடங்கி அவன் கரையேறும்போது விண்ணப்பம் முடிந்திருக்கிறது, அல்லது முடிய ஓரிரு நாள் இருக்கிறது. என் தம்பிக்கு இரண்டு ஆண்டுகள் இப்படியே போயின. மூன்றாம் ஆண்டு, மே 20ஆம் தேதிக்குள் கரைக்கு வந்துவிட வேண்டும் என்று படகு உரிமையாளரிடம் அம்மாவே போய்ச் சொல்லி, ஒரு தங்கலின் (பல நாள் கடல் பயணத்தின்) பங்குப் பணத்தை விட்டுக்கொடுத்து அவனை வரவழைத்தார்கள். அவன் தேர்ச்சி பெற்றதற்கு அந்த ஒரு பயணத்தை விட்டதுதான் காரணம்.

ஆகவே ஐயா, உங்கள் பையன் இப்போது எங்கே இருக்கிறான் என்பதை முதலில் விசாரியுங்கள்.

தேர்வுப் பணி எழுத்தர், மே 6

சகோதரி சொன்னது முற்றிலும் சரி. பல ஆண்டுகள் தேர்வு விண்ணப்பங்களைக் கையாண்டவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

இந்த மார்ச்சில் பள்ளி மாணவராக எழுதித் தோற்றவர் தாம் படித்த பள்ளி வழியாகவே விண்ணப்பிக்கலாம். முந்திய ஆண்டுகளில் தோற்றவர் தனித்தேர்வர். அரசுத் தேர்வுகள் இயக்ககம் அறிவிக்கும் சேவை மையத்திற்கு நேரில் சென்று பதிவு செய்ய வேண்டும். வேறொருவரை அனுப்பிவைக்கும் பேச்சுக்கே இடமில்லை. நாள் தவறியவர்களுக்குத் தட்கல் முறையில் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் ஓரிரு நாள் கிடைக்கும். கடலோரப் பிள்ளைகளுக்கு அந்த இரண்டு நாள்தான் கடைசிக் கயிறு. அதையும் முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

எட்டாம் வகுப்போடு நின்று, பத்தாம் வகுப்பை நேரடியாக எழுத வருபவர்களுக்கு இன்னொரு இடத்தில் கால் இடறும். அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. செய்முறைப் பயிற்சிக்குத் தேர்வுக்குப் பல மாதங்கள் முன்பே மாவட்டக் கல்வி அலுவலகத்தின் வழியாகப் பெயர் பதிய வேண்டும். இது தெரியாமல் நான்கு பாடங்களிலும் நல்ல மதிப்பெண் வாங்கி, அறிவியலில் மட்டும் நின்றுபோன ஒரு பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். அவர் பாடத்தில் தோற்கவில்லை. ஒரு படிவத்தில் தோற்றார். அன்று அவர் என் மேசைக்கு முன்னால் நின்றபோது நான் சொல்ல முடிந்தது அடுத்த ஆண்டு வாருங்கள் என்பது மட்டுமே. அவர் அடுத்த ஆண்டு வரவில்லை.

அரசுப் பள்ளி ஆசிரியை, தோவாளை, மே 8

எல்லோரும் நல்ல எண்ணத்தோடு எழுதுகிறீர்கள். ஆனால் இந்தப் பேச்சு போகும் திசை எனக்குக் கவலை தருகிறது. மாற்றுவழி, மாற்றுவழி என்று நாம் பேசப் பேச, பிள்ளையை வெளியே தள்ளுகிற பள்ளிகளுக்கு அது வசதியாகிவிடும்.

நூறு விழுக்காடு தேர்ச்சி என்று சுவரொட்டி வைக்கும் பள்ளிகள் சிலவற்றில் நடப்பதை நாம் அறியாதவர்கள் அல்லர். ஒன்பதாம் வகுப்பு முடிவில் பெற்றோரை அழைத்து, "உங்கள் மகனுக்கு இங்கே கஷ்டம்; டி.சி. வாங்கிக்கொண்டு தனியாக எழுத வையுங்கள்" என்று மெல்லச் சொல்கிறார்கள். எட்டாம் வகுப்பு வரை கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு இருக்கிறது. அதற்கு மேல் அந்தப் பிள்ளைக்குக் கேட்பாரில்லை. நான் முன்பு வேலை பார்த்த தனியார் பள்ளி ஒன்றில் ஒரே ஆண்டில் ஆறு பிள்ளைகள் இப்படி அனுப்பப்பட்டதை என் கண்ணால் பார்த்தேன். அன்று நான் எதிர்த்துப் பேசாதது இன்றும் என் மனத்தை அறுக்கிறது.

வகுப்பறைக்குள் இருக்கும் பிள்ளைக்கு நண்பர்கள் உண்டு, மதிய உணவு உண்டு, இலவசப் பேருந்துப் பயண அட்டை உண்டு, வராவிட்டால் தேடிப்போக ஓர் ஆசிரியர் உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய், ஆண்பிள்ளைக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை, தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு ஆகியவையும் உண்டு. தனியாக எழுத வந்தவுடன் இவற்றில் எவை கைநழுவும் என்பதை யாரும் பெற்றோருக்குச் சொல்வதில்லை. முதல் வேலை பிள்ளையைப் பள்ளிக்குள்ளேயே வைத்திருப்பது. மாற்றுவழி கடைசி மருந்தாக இருக்கட்டும்.

மார்த்தாண்டம் தாய், மே 8

டீச்சர், நீங்கள் சொன்ன அந்த "மெல்லச் சொல்லுதல்" என் வீட்டில் நடந்தது. என் மகளுக்குக் கற்றல் குறைபாடு. எழுத்துகள் இடம் மாறித் தெரியும். கணக்கு என்றால் காய்ச்சலே வந்துவிடும். ஒன்பதாம் வகுப்பில் பள்ளி கைவிரித்தது. அந்தப் பள்ளியை நான் இன்றும் மன்னிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கிடைத்த மாற்றுவழியைக் கடைசி மருந்து என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவளுக்கு முதல் மூச்சே அங்கேதான் கிடைத்தது.

1989இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளியாகத் தொடங்கப்பட்டு, இன்று தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனமாக இருப்பது ஒன்றிய அரசின் கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள தேர்வு வாரியம். ஒருமுறை பதிந்தால் ஐந்து ஆண்டுகள். அதற்குள் ஒன்பது பொதுத்தேர்வு வாய்ப்புகள். ஏப்ரல் வாக்கிலும் அக்டோபர் வாக்கிலும் ஆண்டுக்கு இருமுறை தேர்வு. ஐந்து பாடங்களையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. அவள் முதலில் இரண்டு, பிறகு இரண்டு, பிறகு ஒன்று என்று முடித்தாள். ஒரு மொழிப் பாடம் இருக்க வேண்டும் என்பதைத் தவிர மற்றவற்றை நாமே தேர்ந்துகொள்ளலாம் என்பதால் கணக்கை விட்டுவிட்டு மனையியலையும் ஓவியத்தையும் எடுத்தாள். முதல் தேர்ச்சி வந்த அன்று திரையில் தன் பெயரை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பன்னிரண்டையும் அங்கேயே முடித்து, இப்போது நம் மாவட்டத்திலேயே ஒரு கல்லூரியில் பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்.

ஒன்றை மட்டும் மற்றப் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பில் கணக்கை விட்டால் பிற்பாடு பாலிடெக்னிக் போன்ற தொழில்நுட்பப் படிப்புகளில் சேரத் தடை வரலாம். எங்களுக்கு அது தெரிந்தே எடுத்த முடிவு. தெரியாமல் எடுத்து, பின்னால் பிள்ளை மோட்டார் மெக்கானிசம் படிக்க ஆசைப்பட்டு அழுத வீட்டையும் நான் அறிவேன். கல்லூரியில் சேரும்போது மதிப்பெண் பட்டியலோடு இடப்பெயர்வுச் சான்றிதழையும் கேட்டார்கள். அதைத் தொலைக்காமல் வைத்திருங்கள்.

தேர்வுப் பணி எழுத்தர், மே 9

அம்மாவின் மனவேதனையை மதிக்கிறேன். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு தகவல். மருத்துவச் சான்று பெற்ற கற்றல் குறைபாடுடைய பிள்ளைக்கு மாநிலப் பொதுத்தேர்விலேயே சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. பள்ளி உரிய காலத்தில் விண்ணப்பித்து வாங்கித்தர வேண்டும். டி.சி. கொடுக்கிற அவசரத்தில் பல பள்ளிகள் இந்தச் சொல்லையே எடுப்பதில்லை.

மார்த்தாண்டம் தாய், மே 9

எங்களிடமும் எடுக்கவில்லை.

கோணம் பழைய மாணவன், மே 13

நான் நாகர்கோவில் கோணத்தில் ஐ.டி.ஐ. படித்தவன். பத்தாம் வகுப்பில் 500க்கு 231. பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்து மூன்றே மாதத்தில் நின்றேன். அப்பா முந்திரி ஆலை ஒன்றில் மூட்டை தூக்குபவர். வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை என்பதே எனக்குப் பெரிய வலியாக இருந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் ஃபிட்டர் பிரிவு விண்ணப்பத்தைக் கொண்டுவந்து தந்தார்.

ஐ.டி.ஐ. படித்தவன் கல்லூரிக்குப் போக முடியாது என்று ஊரில் இன்றும் பேசுகிறார்கள். இது தவறு. பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டு ஆண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பன்னிரண்டாம் வகுப்பின் தமிழையும் ஆங்கிலத்தையும் எழுதித் தேர்ச்சி பெற்றால், அதைப் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையாகக் கொள்ளத் தமிழ்நாட்டில் ஆணை இருக்கிறது. எட்டாம் வகுப்புக்குப் பின் ஐ.டி.ஐ. முடித்தவருக்கும் இதேபோலப் பத்தாம் வகுப்பு இணைத்தன்மை உண்டு. நான் இன்னொரு பக்கமாகப் போனேன்: ஐ.டி.ஐ. முடித்ததால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு, டிப்ளமோ முடித்ததால் பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டு. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வறையை என் வாழ்நாளில் பார்க்காமலே பி.இ. பட்டம் வாங்கினேன். பொறியியல் கணிதத்தில் இரண்டு அரியர் வைத்து, விழுந்து எழுந்துதான் வந்தேன். ஆயினும் வந்துவிட்டேன்.

தோவாளை டீச்சருக்குப் பணிவோடு ஒன்று. வகுப்பறையில் எனக்கு உட்கார முடியவில்லை. ரம்பமும் அரமும் கையில் கிடைத்த பிறகுதான் முக்கோணவியல் எதற்கு என்று புரிந்தது. என்னைப் பள்ளிக்குள்ளேயே பிடித்து வைத்திருந்தால் நான் பன்னிரண்டில் தோற்று, கேரளத்தில் எங்காவது கட்டட வேலையில் இருந்திருப்பேன்.

அரசுப் பள்ளி ஆசிரியை, தோவாளை, மே 14

தம்பி, நீங்கள் எழுதியதை இருமுறை படித்தேன். உங்களுக்குக் கிடைத்தது தள்ளிவிடப்பட்ட வழி அன்று. ஓர் அண்ணன் விண்ணப்பத்தோடு வந்து காட்டிய வழி. இவ்விரண்டையும் நான் ஒன்றாகப் பேசியது பிழை. ஆனால் பிள்ளையை அனுப்புகிற பள்ளி, அவன் எங்கே போய்ச் சேர்ந்தான் என்று ஓராண்டு வரையாவது பதிவு வைத்திருக்க வேண்டும் என்ற என் கருத்தில் மாற்றமில்லை.

பேச்சிப்பாறையிலிருந்து, மே 17

கடற்கரையைப் பற்றியே பேச்சு நடக்கிறது. மலைப்பக்கத்தையும் கொஞ்சம் நினையுங்கள். இங்கே ரப்பர் பால் வெட்டு விடியுமுன்பே தொடங்கிவிடும். அம்மாவும் அப்பாவும் தலைவிளக்கோடு தோட்டத்துக்குப் போனால், கைக்குழந்தையைப் பார்ப்பதும் பால் எடுத்து ஷீட் அடிக்க உதவுவதும் மூத்த பெண்ணின் வேலை. அவள் பள்ளிக்குப் போகும் பேருந்து அதற்குள் போயிருக்கும். காணிக்காரப் பழங்குடியினரின் குடியிருப்புகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்குப் பேருந்து நிற்கும் இடத்திற்கு வருவதே ஒரு நடை.

எங்களுக்கு மாலை வகுப்பு ஒத்துவராது. இருட்டினால் யானை பயம். காலை பதினொரு மணிக்குப் பால் வேலை முடிந்த பிறகு மதியம் வரை நேரம் கிடைக்கும். பெருமழைக் காலத்தில் பால்வெட்டு நிற்கும்போது நாள் முழுவதும் கிடைக்கும். அந்த நேரத்தில் வகுப்பு நடத்த முன்வருபவர் இருந்தால், ஐந்து பெண்பிள்ளைகள் இங்கே தயாராக இருக்கிறார்கள். ஒருத்தி கொரோனா காலத்தில், 2021இல், எல்லோரோடும் சேர்ந்து தேர்வில்லாமல் பத்தில் தேர்ச்சி பெற்றவள். பதினொன்றில் போய் உட்கார்ந்தபோது அடிப்படையே இல்லாமல் திணறி நின்றுவிட்டாள். அவளிடம் சான்றிதழ் இருக்கிறது, படிப்புத்தான் விட்டுப்போயிற்று. இப்படிப்பட்டவளுக்கு எந்தப் பாதை?

கிள்ளியூர் தமிழாசிரியர் (ஓய்வு), மே 18

பேச்சிப்பாறை அன்பருக்கு: அந்தப் பெண் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பதிந்து, ஒவ்வொரு பாடமாக முடிப்பது நல்லது என்று நினைக்கிறேன். ஐந்து ஆண்டு அவகாசம் அவளுக்குத் தேவைப்படும். பன்னிரண்டாம் வகுப்பே வேண்டாம், நேராகத் திறந்தநிலைப் பட்டம் வாங்கித்தருகிறோம் என்று யாராவது விளம்பரத்தோடு வந்தால் தயவுசெய்து ஏமாந்துவிடாதீர்கள். பத்து, பன்னிரண்டு என்ற வரிசையில் படிக்காமல் பெறும் திறந்தநிலைப் பட்டம் மாநில அரசு வேலைக்கு ஏற்கப்படாது என்று 2009லேயே அரசாணை வந்துவிட்டது. மூன்றாண்டு உழைத்துப் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சான்றிதழ் சரிபார்ப்பில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நானே பேச்சிப்பாறைக்கு வருகிறேன். தமிழும் வரலாறும் என்னால் முடியும்.

குளச்சல் சகோதரி சொன்னபடி விசாரித்தேன். பையன் கடலில்தான் இருக்கிறான். மாதக் கடைசியில் வருவதாக வீட்டில் சொன்னார்கள்.

குளச்சல் சகோதரி, மே 18

காத்திருக்காதீர்கள் ஐயா. வயர்லெஸ்ஸில் படகுக்குச் சொல்ல வழி இருக்கும். உரிமையாளரிடம் கேட்கச் சொல்லுங்கள். உடன் பிடிக்கிற படகு ஏதாவது கரைக்குத் திரும்பினால் அதில் ஏற்றிவிடுவார்கள். மதிப்பெண் பட்டியலும் ஆதாரும் புகைப்படமும் அம்மாவின் கையில் தயாராக இருக்கட்டும்.

கிள்ளியூர் தமிழாசிரியர் (ஓய்வு), ஜூன் 22

தாமதமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சகோதரி சொன்னபடியே செய்தோம். அப்படியும் சாதாரண விண்ணப்ப நாள் தவறி, தட்கலில்தான் பதிய முடிந்தது. கொச்சியிலிருந்து இரவு ரயிலில் வந்து, குளிக்கக்கூட வீட்டுக்குப் போகாமல் சேவை மையத்தில் வரிசையில் நின்றான். எழுத்தர் ஐயா அந்தக் கடைசி இரண்டு நாளைப் பற்றி எழுதியிராவிட்டால் எங்களுக்கு அது தோன்றியிருக்காது.

கோணம் தம்பி வாரம் இரண்டு மாலை வந்து கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். இயற்கணிதத்தில் தொடங்கவில்லை. வடிவியல் வரைவுக்கு 8 மதிப்பெண், வரைபடத்துக்கு 8 மதிப்பெண். முதலில் இந்தப் பதினாறையும் உறுதி செய்துவிடுவோம் என்று கவராயத்தைக் கையில் கொடுத்தார். ஒரு கிலோமீட்டர் கயிற்றில் சம இடைவெளியில் தூண்டில் கட்டிப் பழகிய கை அது. முதல் நாளே வட்டத்துக்குத் தொடுகோடு வரைந்து, அளந்து பார்த்து, அரை மில்லிமீட்டர் பிசகுகிறது என்று தானே அழித்துவிட்டுத் திரும்ப வரைந்தான்.

ஆங்கிலத்தில்தான் இன்னும் பயம் இருக்கிறது. கடிதம் எழுதுவதிலும் படிவம் நிரப்புவதிலும் தினமும் ஒரு மணி நேரம் உட்கார வைக்க ஒருவர் தேவை. தேர்வுக்கு இரண்டு வாரமே இருக்கிறது. கருங்கல், புதுக்கடை, தேங்காய்ப்பட்டணம் பக்கத்தில் இருப்பவர்கள், ஆங்கிலம் சொல்லித்தர நேரம் இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள். நாளை மாலை ஆறு மணி முதல் அவன் இங்கே இருப்பான்.

அரசுப் பள்ளி ஆசிரியை, தோவாளை, ஜூன் 22

நான் வருகிறேன் ஐயா. தோவாளையிலிருந்து தூரம்தான், ஆறரைக்குள் வந்துவிடுவேன்.